மலிவு விலைக் காரும் கல்வராயன் மலையும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ம் தேதி 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு அதுவரை 28 சதவீத வரியும் ஒரு சதவீத செஸ்ஸும் இருந்தன. வரி இறங்கியதும் மாருதி ஆல்டோ கே10 காரின் ஆரம்ப விலை 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நால்வராக ஒரே பைக்கில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கச்சிராயபாளையம் சாலையில் போய்வந்த குடும்பங்கள், "நாமும் ஒரு கார் எடுத்தால் என்ன?" என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றன. நியாயமான ஆசைதான். ஆனால் பணத்தைக் கட்டும் முன் தெளிவுபெற வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

கையில் நான்கு லட்சம் இருந்தால் கார் வீட்டுக்கு வந்துவிடுமா?

வராது. விளம்பரத்தில் வருவது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம் வாழ்நாள் வரி. 3.70 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றாலே 44,400 ரூபாய். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு அது 6,521 ரூபாய். அதற்கு வரி தனி. இவற்றோடு நம் காருக்கான சேதக் காப்பீடு, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்ததுதான் ஆன்-ரோடு விலை.

இதில் இரண்டு இடங்களில் பணம் மிச்சமாகும். காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வெளியிலும் விலை கேட்டு ஒப்பிடுங்கள். அடுத்து, விலை 5 லட்சத்தைத் தாண்டினால் 13 சதவீதம் முழு விலைக்கும் விழும். 4.99 லட்சத்துக்கு வரி 59,880 ரூபாய், 5.10 லட்சத்துக்கு 66,300 ரூபாய். எல்லைக்கோட்டில் நிற்கும் மாடலை எடுப்பவர்கள் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆறு ஏர்பேக் வந்துவிட்டதே, இனி பயமில்லைதானே?

அதிகம் பேர் கேட்பதும், அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். ஆல்டோ கே10-ல் 2025 மார்ச் முதல் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் உண்டு. வரவேற்க வேண்டிய மாற்றம். கள்ளக்குறிச்சியைத் தொட்டுச் செல்லும் சேலம் - உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலையில், கிராமத்துச் சாலையிலிருந்து ஏறிக் குறுக்கே கடக்கும் கார் பக்கவாட்டில் அடிபடும் ஆபத்து எப்போதும் உண்டு. அந்த மாதிரி மோதலில் தலையைக் காப்பது கூரையோரத்திலிருந்து இறங்கும் ஏர்பேக்தான்.

ஆனால் ஏர்பேக் எண்ணிக்கை மட்டும் பாதுகாப்பு ஆகாது. மோதும்போது பயணிகள் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். சீட் பெல்ட் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் ஏர்பேக் பயன்படும். குளோபல் என்கேப் அமைப்பு 2023-ல் வெளியிட்ட மோதல் சோதனை முடிவில் ஆல்டோ கே10 பெரியவர்கள் பாதுகாப்புக்கு 2 நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்புக்குப் பூஜ்ஜியமும் பெற்றது. அது இரண்டு ஏர்பேக் மட்டுமே இருந்த மாடல் என்பதால், அந்த முடிவை இன்றைய காருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அதேபோல, நான்கு ஏர்பேக் கூடியதால் நான்கு நட்சத்திரம் கூடிவிட்டது என்று சொல்வதற்கும் இடமில்லை.

நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. காரை 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் மோதவிடுவது உள்ளிட்ட சோதனைகளை நடத்தி, பெரியவர்களுக்கு 32-க்கும் குழந்தைகளுக்கு 49-க்கும் மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் இது கட்டாயமில்லை. நிறுவனம் விரும்பினால் காரைச் சோதனைக்குத் தரலாம். அதனால் ஷோரூமில் "எத்தனை ஏர்பேக்?" என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். "இந்த மாடலைச் சோதித்தார்களா, எந்த ஆண்டு, பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை?" என்றும் கேளுங்கள்.

நட்சத்திரம் அதிகமுள்ள கார் கரும்பு லாரியில் மோதினாலும் தாங்குமா?

தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். முன்பக்க மோதல் சோதனை என்பது ஏறக்குறைய அதே எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். இரவில் பின்விளக்கும் ஒளிப்பட்டையும் இல்லாமல் நிற்கும் கரும்பு லாரி, டிராக்டரின் கணக்கே வேறு. அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைச் சாலைகளில் இரவுப் பயணத்தைக் குறைப்பதும், ஹெட்லைட் நன்றாக இருக்கும் காரைத் தேர்ந்தெடுப்பதும் உயிரைக் காக்கும்.

நால்வரை ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலைக்கு ஏறுமா?

ஏறும், கியர் அறிந்து ஓட்டினால். ஆல்டோவில் இருப்பது 998 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின். அதன் முழு இழுவை, 89 நியூட்டன் மீட்டர், கிடைப்பது 3,500 சுற்றில்தான். கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போனால் வண்டி திணறும். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். ஏ.சி.யை அந்தச் சில கிலோமீட்டருக்கு நிறுத்தினால் இன்னும் இலகுவாக ஏறும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது கொடிய பழக்கம். இன்ஜின் பிடிமானம் போய், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறினால் பிடிப்பு தளர்ந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கிளட்ச் இல்லாத ஏ.எம்.டி. கார் வைத்திருப்பவர்கள் இறக்கத்தில் மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியரில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலைக்குப் போய்வருபவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டிய வசதி ஈ.எஸ்.பி. ஈரச் சாலையில் வளைவில் கார் வழுக்கினால், தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்துத் தடத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அது. ஆல்டோவிலும் மாருதியின் இன்னொரு சிறிய காரான எஸ்-பிரஸ்ஸோவிலும் 2024 முதல் எல்லா மாடல்களிலும் வருகிறது. என் கணக்கில், மலைப் பாதைக்குப் பெரிய டச் ஸ்கிரீனைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

சி.என்.ஜி. எடுக்கலாமா?

தினமும் சமவெளியில் ஓடுபவர்களுக்கு லாபம். மலைக்காரர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இன்ஜின் சக்தி சுமார் 10 குதிரைத்திறன் குறையும், டிக்கி இடத்தை சிலிண்டர் அடைத்துக்கொள்ளும்.

முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. ஏர்பேக் விரிய ஆகும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. மணிக்கு 300 கி.மீ. அளவு வேகத்தில் விரியும். மடியில் உள்ள பிள்ளை அதற்கும் பெரியவருக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். குழந்தை பின்சீட்டில், அதற்கான தனி இருக்கையில் இருக்க வேண்டும். பின்சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பெல்ட் கட்டாயம். போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் விபத்தில் இறந்தபோது, விலையுயர்ந்த காரின் பின்சீட்டில் பெல்ட் போடாமல்தான் இருந்தார்.

புது காருக்கு சீட் கவரும் பம்பர் கார்டும் போடலாம்தானே?

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காரில் முன்சீட்டின் வெளிப்புற ஓரத்தைப் பாருங்கள். 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று சிறு துணிப்பட்டி தைத்திருக்கும். ஏர்பேக் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். கடையில் கெட்டி ரெக்சின் கவரை இறுக்கி மாட்டினால் அந்த வழி அடைபட்டுவிடும். காசு கொடுத்து வாங்கிய ஆறில் இரண்டை நாமே செயலிழக்கச் செய்ததாகிவிடும். அந்த ஓரம் திறந்திருக்கும் கவர்கள் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள். இரும்பு பம்பர் கார்டு சட்டப்படியே கூடாது. மோதலின் வேகம் சென்சாருக்குச் சரியாகப் போய்ச் சேராமலும் அது கெடுத்துவிடும்.

கடன் எப்படி எடுப்பது?

"வட்டி 7 சதவீதம்தான்" என்றால், ஃப்ளாட்டா (கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் வட்டியா (மீதமுள்ள கடனுக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 3.5 லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, 7 சதவீத ஃப்ளாட் என்பது உண்மையில் 12.5 சதவீதக் குறையும் வட்டிக்குச் சமம். காலத்தையும் நீட்டாதீர்கள். அதே தொகைக்கு 9 சதவீதக் குறையும் வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணை சுமார் 7,265 ரூபாய், ஏழு ஆண்டு என்றால் 5,631 ரூபாய். தவணை குறைவாகத் தெரிந்தாலும் மொத்த வட்டியில் 37 ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போகும்.

கடைசியில் எதைத்தான் வாங்குவது?

பைக்கில் நால்வராகப் போவதைவிட, பெல்ட் போட்டு ஆல்டோவில் போவது எவ்வளவோ மேல். அதற்குமேல் பணம் முடியாதவர்கள் தயங்காமல் எடுக்கலாம். இன்னும் ஒன்றரை, இரண்டு லட்சம் புரட்ட முடிந்தால், அதை ஆல்டோவின் உயர்ரக மாடலில் போடாதீர்கள். குளோபல் என்கேப் சோதனையில் 2020-ல் 4 நட்சத்திரம் வாங்கிய டியாகோ, 2021-ல் 5 நட்சத்திரம் வாங்கிய பஞ்ச் போன்ற கார்களின் ஆரம்ப மாடலையும் ஓட்டிப் பாருங்கள். எதை எடுத்தாலும், ஓட்டிப் பார்க்கும்போது குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு முன்பணம் கட்டுங்கள்.