வாடைக் காலத்தில் வள்ளங்கள்

கார்த்திகையில் வாடைக்காற்று வலுத்ததும், முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளிற் சிறு வள்ளங்கள் மேட்டிற்கு ஏற்றப்படுகின்றன. கடலுக்குத் தப்பிய வள்ளத்தைக் கரையிலே கெடுப்பது மழைநீர்தான். மரவள்ளத்தில் அது தேங்கினாற் பலகை உக்கும். கடுவெயில் பட்டாலோ பொருத்துகள் வாய்பிளக்கும். கிடுகு வேய்ந்த நிழலே அதற்குத் தகும்.

கண்ணாடியிழைப் படகு உக்காது என்பர். இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையினுள்ளே பெரும்பாலும் மரமே இருப்பதை மறந்துவிடுகின்றனர்! அடியிலுள்ள அடைப்பைக் கழற்றி, பின்புறத்தைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் நீர் வடிந்துவிடும்.

இயந்திரத்தை நன்னீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுதல் வேண்டும். காபரேட்டரில் மிஞ்சிய எரிபொருளையும் வடித்துவிடுதல் வேண்டும். மாதக்கணக்கில் தங்கினால் அது பிசினாகிவிடும். பின்பு வாடை தணிந்த நாளில், எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் இயந்திரம் இயங்காது. கடன்பட்டு அதை வாங்கிய குடும்பத்துக்கு, மீன்படும் முதல் வாரங்கள் கரையிலேயே கழியும்.