தொடுதிரையும் நிரனிறையும்

செங்கற்பட்டு மாவட்டத்து மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2022-ஆம் ஆண்டு பெகட்ரான் நிறுவனம் ஐபோன் தொழிற்சாலை தொடங்கியது. அம்மாவட்டத்துக் கடற்கரையிலேயே மாமல்லபுரக் கல்வெட்டுகளும் உள்ளன. கல்வெட்டின் நிழற்படத்தைத் தொடுதிரையில் இரு விரலால் விரித்தும் திருப்பியும் படிப்பார் இன்று பலர். தேய்ந்த எழுத்தொன்றின் கோட்டைத் துணிதற்கு அவ்விரு வினையும் பிழையின்றி நிகழ்தல் வேண்டும். ஆதலின், திரை இரு விரலை யாங்ஙனம் அறிகின்றது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

1. மின்தடைத் திரை: இஃது இடைவெளியுடைய இரு படலங்களால் ஆயது. அழுத்துங்கால் மேற்படலம் கீழ்ப்படலத்தைத் தொடும். தொட்ட இடத்து மின்னழுத்தத்தை அளந்து, கிடையளவு ஒன்றும் நெட்டளவு ஒன்றும் பொறி பெறும். இரு விரல் ஊன்றினும் பெறுவது ஓரிணை அளவே. ஆதலின் இரண்டிற்கும் இடைப்பட்டதொரு புள்ளியே தோன்றும். கையுறைக்கும் எழுதுகோலுக்கும் இசைவது இதன் சிறப்பு.

2. தன்மின்தேக்குத்திறன் திரை: கண்ணாடியில் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு போன்ற ஒளிபுகு கடத்தியால் நிரைகளும் நிரல்களும் வகுக்கப்படும். விரல் அணுகிய கோட்டின் மின்தேக்குத்திறன் மிகும். 10 நிரையும் 15 நிரலும் உடைய திரைக்கு 25 அளவைகள் போதும். ஒரு விரலாயின் ஐயமில்லை. இரு விரலாயின் இரண்டு நிரைகளும் இரண்டு நிரல்களும் விடையாக வரும். அவை வெட்டுமிடமோ நான்கு. இரண்டு மெய்ப்புள்ளி, ஏனைய இரண்டு பொய்ப்புள்ளி.

இவ்விடர் தமிழிலக்கணம் பயின்றார்க்குப் புதிதன்று. சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றிற்குரிய பொருள்களை மற்றொரு வரிசையிலும் நிறுத்துவது நிரனிறை. முறையே கொள்வதா, எதிரே கொள்வதா என்னும் இருவகையையும் நன்னூலார் உடன்பட்டார். உரையாசிரியர் பொருளியைபு நோக்கித் துணிவர். பொறிக்குப் பொருளியைபு இல்லை. எவ்விரல் முன்னர் ஊன்றியது என்னும் கால வேறுபாடே அதற்குத் துணை. இரு விரலும் ஒருங்கு ஊன்றின் அத்துணையும் இல்லை.

இதன் விளைவு கருதத்தக்கது. முறையே கொள்ளினும் எதிரே கொள்ளினும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஒன்றே. ஆகலின் படத்தை விரித்தல் பிழைபடாது. சுழற்சியின் திசையோ மாறிவிடும். வலமாகத் திருப்பியது இடமாகத் திரும்புதல் கூடும்.

3. பரிமாற்று மின்தேக்குத்திறன் திரை: இங்கு நிரை ஒவ்வொன்றிலும் மின்துடிப்பைச் செலுத்தி, நிரல்தோறும் அதனை அளப்பர். விரல் உள்ள சந்தியில் இத்திறன் குறையும். மேற்கூறிய திரைக்கு 150 சந்திகளும் தனித்தனியே அளக்கப்படும். ஒவ்வொரு சந்தியும் தன் விடையைத் தானே தருதலின் இணைத்துக் காணும் தேவையே இல்லை. பொய்ப்புள்ளி எழ இடமில்லை. 2007-இல் வந்த ஐபோன் இம்முறையைப் பெருவழக்காக்கியது.

இனி, அகச்சிவப்புக் கதிர்ச்சட்டம் கொண்ட திரையை நோக்குக. அங்கு மின்தேக்கம் என்பதே இல்லை. ஆயினும் கிடைக்கதிரும் நெடுங்கதிரும் மட்டும் உள்ளவழி அதே நான்கு புள்ளி ஐயம் எழுகின்றது. எனவே ஐயம் பொருளின்பாற்பட்டதன்று. வினவும் முறையின்பாற்பட்டது என்பது பெறப்படும்.

கடற்கரையில் மற்றோர் இடரும் உண்டு. உவர்நீர் மின்னை நன்கு கடத்தும். அது திரையில் படர்ந்து விரலோடு இணையுமாயின் விரலின் எல்லை மங்கும். அதனால் இருமுறைகளையும் மாறிமாறி அளந்து ஒப்புநோக்கும் திரைகளும் உள. அவற்றிலும் திரையைத் துடைத்துலர்த்திப் படித்தலே தக்கது.

இவற்றால் கலைச்சொல்லாக்கத்திற்கும் ஒரு வரையறை கிடைக்கின்றது. இரு விரலை ஏற்பனவெல்லாம் ‘பல்தொடுதிரை’ ஆகா. ஒவ்வொரு விரலின் இடத்தையும் ஐயமின்றித் தனித்தறிவதற்கே அப்பெயர் பொருந்தும். விரித்தலை மட்டும் ஏற்பதனை ‘இருதொடுதிரை’ என வேறு பிரித்து வழங்குதல் நன்று.