கேட்கும் விலையும் கிடைக்கும் விலையும்

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கணிப்பார். புடைவை வாங்கும் பெண்மணி கரையைத் திருப்பி நூலின் தரத்தை நோக்குவார். ஆயின், வாழ்நாளில் ஒரு முறையே வாங்கும் வீடு வளவுக்கு மட்டும் நம்மிற் பலர் கைப்பேசித் திரையில் தோன்றும் ஓர் எண்ணை நம்பி முற்பணம் கொடுத்துவிடுகின்றனர். இது தகுமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பிரதான வீதியில் வென்னப்புவ வந்ததும், இத்தாலியில் உழைத்த பணத்தில் எழுந்த மாடி வீடுகள் கண்ணிற் படும். மாரவிலப் பக்கத்தில் கடல் கரையை அரித்துவருகின்றது. சிலாபத்தைச் சூழத் தென்னந்தோட்டங்கள். முந்தற் பகுதியில் இறால் வளர்ப்புக் குட்டைகள். நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம். கற்பிட்டியிலோ பட்டம் கட்டி அலைமேற் சறுக்கும் வெளிநாட்டாரை நாடி எழுந்த விடுதிகள். ஒரே மாவட்டம், ஒரே கரை. ஆயினும் ஒரு பேர்ச்சின் விலை ஊருக்கு ஊர் மட்டுமன்றி, ஒழுங்கைக்கு ஒழுங்கையும் மாறும். கடலைப் பார்த்த காணிக்கும் அதன் பின்னால் வழியின்றிக் கிடக்கும் காணிக்கும் ஒரே விலை சொல்ல யாரால் இயலும்?

திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் விளம்பரங்களிலிருந்தே வருகின்றது. விளம்பரத்தில் உள்ளது உடையவர் கேட்கும் விலை. வாங்குபவர் கொடுத்த விலை அன்று. ஒரே காணியை மூன்று தரகர் மூன்று விலைக்கு விளம்பரஞ் செய்தால், கணக்கில் அது மூன்று காணியாகிவிடும். விலைபோகாமல் ஆண்டுக்கணக்கிற் கிடக்கும் காணியின் விளம்பரமும் அக்கணக்கிற் சேரும். இலங்கை மத்திய வங்கி வெளியிடும் காணி மதிப்பீட்டுக் குறிகாட்டியும் கொழும்பு மாவட்டத்தை நோக்கியதே. அதைக் கொண்டு கற்பிட்டிக் காணியை மதிப்பிடுவது கொழும்பு மழையைப் பார்த்துப் புத்தளத்தில் உப்பளம் மூடுவது போலாகும்.

செல்வமும் விற்பனைப் பதிவுகளும் மலிந்த அமெரிக்காவிலேயே நடந்ததைக் கேளுங்கள். ஸில்லோ என்னும் நிறுவனம் 2006ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்குக் கணினி வழியே விலை மதிப்பிட்டுச் சொல்லி வருகின்றது. 2018இல் அது தானே வீடுகளை வாங்கி விற்கவும் முனைந்தது. 2021 நவம்பரில், வீட்டு விலைகளை முன்கூட்டிக் கணிப்பது எதிர்பார்த்ததைவிடக் கடினமென ஒப்புக்கொண்டு, அவ்வியாபாரத்தை மூட முடிவு செய்தது. வாங்கிய வீடுகளின் பெறுமதியில் 30 கோடி டொலருக்கு மேல் குறைத்து எழுத நேர்ந்தது. கோடிக்கணக்கான வீடுகளின் விபரத்தைக் கையில் வைத்திருந்தோர்க்கே இந்நிலையென்றால், பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களைக் கூட்டி வகுத்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம்?

அப்படியானால் உறுதியில் எழுதிய விலையை நம்பலாமா? அதிலும் எச்சரிக்கை வேண்டும். காணி கைமாறும்போது முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும், மிகுதிக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். 50 இலட்சம் ரூபாக் காணிக்கு இது 1,99,000 ரூபா. இதைக் குறைக்கும் ஆசையால் உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஆகவே விளம்பரம் ஏறச் சொல்லும். உறுதி இறங்கச் சொல்லும். உண்மை விலை இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும்.

அதைக் கண்டுபிடிக்கும் வழி பழையதுதான். முதலில் அளவைத் தெளிந்துகொள்ளுங்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. எனவே 20 பேர்ச்சஸ் என்பது 5,445 சதுர அடி. நில அளவைப் படத்தைக் கையிலெடுத்து எல்லைக் கற்களை நேரிற் பாருங்கள். அடுத்து, அண்மையில் அதே ஒழுங்கையில் வாங்கியோர், விற்றோர் இருவரையும் விசாரியுங்கள். தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையும் பெறுங்கள். வங்கிக்கெனத் தயாராகும் அறிக்கையில் சந்தைப் பெறுமதியோடு, அவசரமாய் விற்றால் கிடைக்கக்கூடிய குறைந்த பெறுமதியும் குறிக்கப்படுவதுண்டு. கடன் வாங்குவோர் இரண்டையும் நோக்கவேண்டும்.

விலையைவிட முக்கியமானது உரிமை. காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடச் செய்யுங்கள். பிரிபடாத பங்கு மலிவாய்க் கிடைக்கும். ஆனால் உங்கள் மூலை எதுவென்று வழக்கு முடியும்வரை தெரியாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு அளித்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்றலாகாது. கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து உட்புறமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டடம் எழுப்பக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. கிணற்று நீரையும் பரிசோதிப்பது நன்று; கற்பிட்டி மணல் நிலத்தின் நிலத்தடி நீரில் உரத்தால் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றுள் எதுவும் திரையில் தெரியும் எண்ணில் அடங்காது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல்லாயிரம் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கின. உடுத்த துணியோடு வந்து, ஒரு துண்டு நிலத்தை வாங்கி வேலியடைத்த குடும்பத்துக்கு அந்நிலம் இலாபக் கணக்கன்று. மீண்டும் ஓர் ஊர். வளைகுடாவில் வெயிலில் உழைத்து அனுப்பிய பணமும் அத்தகையதே. அதை ஒரே நாளில் இழந்துவிடாதிருப்பது குடும்பத்தார் அனைவரின் பொறுப்பன்றோ?

மாணவர்களே, உங்கள் ஒழுங்கையிலேயே இதைப் பயிலலாம். ஒரு காணிக்குத் திரை சொல்லும் விலையையும் அயலார் சொல்லும் விலையையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். அது விற்றபின், கைமாறிய விலையை அருகில் எழுதுங்கள். ஐந்தாறு காணிகளை இவ்வாறு ஒப்பிட்டால், எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது தானே விளங்கும். பின்னொரு நாள் தந்தையார் முற்பணம் கொடுக்கப் புறப்படுகையில், அந்தத் தாளே அவருக்கு நல்ல துணையாகும்.