உங்களுக்குத் தெரியுமா? டேப்பா, ஸ்பேஸா?

● ஒரு வரிக்கு 80 எழுத்துதான் என்ற வரம்பு, இன்றைய கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. 1928-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. அட்டை போய்த் திரை வந்த பிறகும் அந்த 80 விடாமல் ஒட்டிக்கொண்டது. 2001-ல் எழுதப்பட்ட பைத்தானின் பெப்-8 விதிகள் 79-லேயே நிறுத்தச் சொல்கின்றன. 80 அகலமுள்ள திரையின் கடைசிக் கட்டத்தில் சில எடிட்டர்கள் வரி மடங்குவதற்கான குறியைப் போட்டுவிடும் என்பதால்தான் அந்த ஓர் எழுத்துக் குறைப்பு. லினக்ஸ் கெர்னலின் சோதனைக் கருவி 2020-ல் எச்சரிக்கை எல்லையை 100-க்கு உயர்த்தியது. அகலத் திரை வந்துவிட்ட இந்நாளிலும் என் ஓட்டு குறுகிய வரிக்குத்தான். பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரிவ்யூ பார்க்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

● லினக்ஸ் கெர்னலில் இண்டென்ட் என்றால் ஒரு டேப், அதன் அகலம் 8. பைத்தானில் 4 ஸ்பேஸ். கூகுளின் சி++ விதிகளில் 2 ஸ்பேஸ். மூன்று விதமும் பல்லாண்டாக நன்றாகவே ஓடுகின்றன. எண்ணில்தான் வித்தியாசம், கண்டிப்பில் இல்லை. கெர்னல் விதிகளில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இன்னொன்றும் சொல்கிறார்: மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே தள்ள வேண்டி வந்தால், திருத்த வேண்டியது இண்டென்டை அல்ல, நிரலை.

● மேக்ஃபைலில் கட்டளை வரியை டேப்பில்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் வைத்தால் பிழைச் செய்திதான் வரும். பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-ல் நிரலை பில்டு செய்யும் 'மேக்' கருவியை எழுதிய சில வாரங்களிலேயே இது தொல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று அப்படியே விட்டார். அரை நூற்றாண்டாக உலகம் முழுக்க அந்த டேப்பைத் தட்டிக்கொண்டிருக்கிறது. விதியை மாற்றுவதானால் குழு சிறிதாக இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

● ஒரே ஓர் உபரி வரிக்காக, 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐ.ஓ.எஸ். 7.0.6-ஐ வெளியிட நேர்ந்தது. போன் பேசிக்கொண்டிருப்பது உண்மையான சர்வரோடுதானா என்று சரிபார்க்கும் சி நிரல் அது. அதில் 'கோடூ ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. மேலே ஓர் 'இஃப்', அதற்கு பிரேஸ் கிடையாது. பிரேஸ் இல்லாத இஃப் தனக்குக் கீழே உள்ள ஒரே ஒரு கூற்றைத்தான் கட்டுப்படுத்தும். இரண்டாவது வரியும் அதே அளவு உள்ளே தள்ளி இருந்ததால், படிப்பவர் கண்ணுக்கு அதுவும் இஃப்புக்குள் இருப்பதுபோலவே பட்டது. கம்பைலருக்கோ அது எந்த நிபந்தனையும் இல்லாத தாவல். நிரல் அங்கிருந்து நேரே கடைசிக்குக் குதித்தது. கையெழுத்தைச் சரிபார்க்கும் படி நடக்கவே இல்லை. அந்த நேரத்தில் பிழை எண் 0 ஆக இருந்ததால் 'எல்லாம் சரி' என்று பதிலும் போனது. நிரலைத் தானாக ஒழுங்காக அடுக்கும் ஃபார்மாட்டர் ஒன்று அந்தக் கோப்பின் மேல் ஓடியிருந்தால், இரண்டாவது வரியை இடப்பக்கம் இழுத்து இஃப்புக்கு நேராக நிறுத்தியிருக்கும். ரிவ்யூ செய்கிறவர் கண்ணில் அது உறுத்தியிருக்கும். ஸ்டைல் எல்லாம் அழகு சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டு வரிகளைத்தான்.

● கோ மொழி 2009-ல் வெளிவந்தபோதே 'கோஃபம்ட்' என்ற ஃபார்மாட்டரும் கூடவே வந்தது. இன்று அதில் டேப்பா ஸ்பேஸா என்று தேர்ந்தெடுக்க வழியே கிடையாது: டேப்தான். அதன் ஸ்டைல் யாருடைய விருப்பமும் அல்ல, ஆனால் அந்தக் கருவியை எல்லாருக்கும் பிடிக்கும் என்பது அம்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக்கின் கருத்து. முழுக்கச் சரி. இரண்டு மூத்தவர்களில் யார் சொல்வதைக் கேட்பது என்று புதிதாகச் சேர்ந்தவர் தவிக்க வேண்டியதில்லை.

● பைத்தானுக்கு 2018-ல் லூகாஷ் லாங்கா எழுதிய ஃபார்மாட்டரின் பெயர் 'பிளாக்'. எந்த நிறத்திலும் கார் கிடைக்கும், அது கறுப்பாக இருந்தால் போதும் என்று ஹென்றி ஃபோர்டு சொன்னதாக வழங்கும் பேச்சை ஒட்டி வைத்த பெயர். அது தானாக எடுத்துக்கொள்ளும் வரி நீளம் 88. ஜாவாஸ்கிரிப்டுக்கு அதற்கு முந்தைய ஆண்டே 'பிரிட்டியர்' வந்துவிட்டது.

● ஆண்டுக்கணக்கில் வளர்ந்த நிரலை ஒரே நாளில் ஃபார்மாட் செய்யப் பலர் தயங்குவதில் நியாயம் உண்டு. 'கிட் பிளேம்' கொடுத்தால் ஒவ்வொரு வரியையும் யார், எந்த கமிட்டில் எழுதினார் என்று காட்டும். மொத்தமாக ஃபார்மாட் செய்துவிட்டால் பெரும்பாலான வரிகளுக்கு ஃபார்மாட் செய்தவர் பெயர்தான் வரும். எதற்காக அப்படி எழுதினார்கள் என்று தேடுகிறவருக்கு வழி அடைபட்டுப் போகும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 இதற்குத் தீர்வு தந்தது. ஃபார்மாட் மாற்றத்தை மட்டும் தனி கமிட்டாகப் போட்டு, அதன் அடையாள எண்ணை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைப் பிளேமுக்குக் காட்டினால் அது அந்த கமிட்டைத் தாண்டிப் பழைய ஆசிரியரைக் காட்டும். கூடவே ஒரு பிழைத் திருத்தத்தையும் அந்த கமிட்டில் செருகினால் அந்தத் திருத்தமும் கண்ணில் படாமல் மறைந்துவிடும். பைத்தான் வலைச் சட்டகமான ஜாங்கோவின் குழு அந்தத் தனி கமிட் வழியைத்தான் பின்பற்றியது: பிளாக்கை ஏற்பது என்று 2019-லேயே முடிவெடுத்து, அதன் நிலையான பதிப்பு 2022 ஜனவரியில் வரும்வரை பொறுத்திருந்து, பிப்ரவரியில் மொத்த நிரலையும் மாற்றி, அந்த கமிட்டின் எண்ணைத் தவிர்ப்புப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது.