செவ்வாய்க்கிழமை மட்டும் அச்சடிக்காத கணினி

மேசைக் கணினியில் ஓடும் லினக்ஸ், ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு அல்ல. அதன் மையப் பகுதியான கெர்னல் ஒரு குழுவிடமிருந்து வருகிறது. திரையில் ஜன்னல்களையும் மெனுக்களையும் காட்டும் க்னோம், கேடிஇ ஆகியவை வேறு குழுக்களின் உழைப்பு. பிரவுசர், எழுத்துரு, அச்சு அமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி கட்டித் தருபவை டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட் போன்ற வழங்கல்கள். இத்தனை பேரில் ஒருவர்கூடப் பயனாளரின் கணினிக்கு முன்னால் உட்காருவதில்லை. எங்கோ ஒரு வீட்டில் திரை உறைந்துபோனதோ, அச்சு வராமல் நின்றதோ அவர்களுக்குத் தெரிய வேண்டுமென்றால், பயனாளர் எழுதும் வழு அறிக்கைதான் வழி. புழக்கத்தில் அதைப் ‘பக் ரிப்போர்ட்’ என்பார்கள்.

இந்த அறிக்கைகளைப் பதிவுசெய்து எண் கொடுத்துப் பின்தொடரும் ஏற்பாடு லினக்ஸ் உலகில் பழையது. டெபியனின் வழுப் பதிவேட்டை இயன் ஜாக்சன் 1994இல் எழுதினார். அது முழுக்க மின்னஞ்சலில் இயங்குவது, இன்றும் அப்படியே. உபுண்டுவுக்குக் கனோனிக்கல் நிறுவனத்தின் லாஞ்ச்பேட், ஃபெடோராவுக்கும் கேடிஇக்கும் பக்ஸில்லா, க்னோமுக்கு 2018 முதல் கிட்லேப் என்று இடங்கள் வேறுபடும். இந்தப் பதிவேடுகள் பொதுவாக எவர் கண்ணுக்கும் திறந்தவை. தனக்கு நேர்ந்த பழுது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது முதல் வேலை. பதிவாகியிருந்தால் புதிதாக ஒன்று எழுதுவதைவிட, பழைய பதிவில் தன் கணினியின் விவரத்தைச் சேர்ப்பது மேல்.

பதிவாகவில்லை என்றால், அடுத்த கேள்வி யாரிடம் சொல்வது என்பது. பலரும் தடுமாறும் இடம் இது. தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். ‘கொ’ என்று தட்டினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். அதற்குப் பதிலாகக் கொம்பு பிரிந்து, புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கிறது. குற்றம் தட்டச்சுக் கருவியான ஐபஸில் இருக்கலாம், எழுத்துருவில் இருக்கலாம், எழுத்துகளை வரிசைப்படுத்தி வடிவம் கொடுக்கும் ஹார்ஃப்பஸ் நிரலில் இருக்கலாம், லிப்ரே ஆபீஸிலும் இருக்கலாம். அதே சொல்லைப் பிரவுசரில் ஒட்டிப் பார்த்தால், எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு எழுத்துருவில் மட்டும் உடைந்தால் எழுத்துருக்காரரிடம் போக வேண்டும். ஒரு செயலியில் மட்டும் உடைந்தால் அந்தச் செயலிக்காரரிடம் போக வேண்டும். எங்கே திறந்தாலும் உடைந்தே தெரிகிறது என்றால், சேமித்த உரையிலேயே குறியீடுகள் முறைமாறிப் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது தட்டச்சுக் கருவியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த மூன்று நான்கு சோதனைகளுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. இவற்றைச் செய்துவிட்டு வரும் அறிக்கை, சரிசெய்பவருக்கு நாள்கணக்கான தேடலை மிச்சப்படுத்தும். எந்த அடுக்கில் குற்றம் என்று எவ்வளவு முயன்றும் பிடிபடாவிட்டால் வழங்கலின் பதிவேட்டிலேயே எழுதலாம். அங்கிருந்து உரிய குழுவிடம் சேர்ப்பது, அந்த மென்பொருளை நிறுவும் தொகுப்பான பேக்கேஜைப் பராமரிப்பவரின் பொறுப்பு.

அறிக்கையின் உயிர், பழுதை மறுபடி வரவழைக்கும் வழியைச் சொல்வதில் இருக்கிறது. எதைத் திறந்து, எதை அழுத்தி, என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது என்று வரிசையாக எழுத வேண்டும். சில சமயம் நம்பவே முடியாத விவரம்தான் திறவுகோலாக இருக்கும். உபுண்டு பதிவேட்டில் 2009இல் ஒருவர் எழுதியது அப்படிப்பட்டது. ஓப்பன் ஆபீஸ் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அச்சடிப்பதில்லை என்று அவருடைய மனைவி சொன்னார், சொன்னதோடு செய்தும் காட்டினார். மற்ற செயலிகள் அதே நாளில் ஒழுங்காக அச்சடித்தன. ஓப்பன் ஆபீஸ் மீதும் அச்சு டிரைவர் மீதும்தான் யாருக்கும் முதல் சந்தேகம் வரும். இரண்டுமே குற்றவாளி அல்ல. ஒரு கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் ‘ஃபைல்’ என்ற சிறு நிரல் ஒன்று லினக்ஸில் உண்டு. எர்லாங் என்ற நிரல்மொழியின் கோப்பு ஒன்றை அடையாளம் காண, 1991ஆம் ஆண்டின் ஒரு செவ்வாய்க்கிழமைத் தேதி முழுவதையும் தேடும்படி அதில் விதி இருந்தது. அந்த வரியில் இருந்த இடைவெளிகளை முறைப்படி குறிக்காததால், தேதியின் முதல் சொல்லோடு தேடல் நின்றுபோனது. அந்தச் சொல், செவ்வாயைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கம். ஓப்பன் ஆபீஸ் அச்சுக்கு அனுப்பும் கோப்பிலும் உருவான தேதி கிழமையோடு இருந்தது. செவ்வாயன்று போன கோப்பை எர்லாங் கோப்பு என்று ஃபைல் நிரல் சொல்ல, அச்சு நின்றது. பதிவு எழுதியவர், கோப்பில் அந்தக் கிழமைச் சொல்லுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து அனுப்பிப் பார்த்தார். அச்சு வந்தது. அந்த ஒரு சோதனை போதுமானதாக இருந்தது. கிழமையைக் கவனித்த அந்தப் பெண்மணியின் கண் இல்லாமல் இது பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகமே.

2021 ஜனவரியில் லினக்ஸ் மின்டில் வெளிப்பட்ட ஓட்டையும் அனுபவமில்லாத கைகளில் சிக்கியதுதான். தந்தை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, குழந்தைகள் பூட்டிய திரையின் மேல் விசைப்பலகையையும் திரை விசைப்பலகையையும் ஒரே நேரத்தில் கண்டபடி தட்டினார்கள். பூட்டு திறந்துகொண்டது. தற்செயல் என்று தந்தை நினைத்தார். குழந்தைகள் இரண்டாம் முறையும் திறந்து காட்டவே அதைப் பதிவுசெய்தார். மேலே கோடு போட்ட ஆங்கில ‘இ’ எழுத்தைத் திரை விசைப்பலகையில் அழுத்தினால் லிப்கரிபூ என்ற பகுதி நிலைகுலைந்து, திரைப்பூட்டையும் சேர்த்துக் கவிழ்த்தது என்பது ஆய்வில் தெரிந்தது. இன்னொரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக, திரைக் காட்சியைக் கையாளும் எக்ஸ்.ஆர்க்கில் செய்த திருத்தமே இதற்கு வழிவிட்டிருந்தது. மின்ட் குழு சில நாட்களில் திருத்தத்தை வெளியிட்டது. பாதுகாப்பு தொடர்பான இத்தகைய பழுதுகளுக்குப் பல பதிவேடுகளில் தனி வழி உண்டு. திருத்தம் தயாராகும்வரை பொதுப் பார்வைக்கு வராதபடி மூடிவைக்கலாம்.

கணினியின் விவரங்களைச் சேகரிக்கக் கருவிகள் இருக்கின்றன. உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து ‘உபுண்டு-பக்’ கமாண்டோடு பேக்கேஜ் பெயரைத் தந்தால், அப்போர்ட் என்ற நிரல் பதிப்பு எண்களையும் லாக் கோப்புகளையும் எடுத்து அறிக்கையோடு இணைத்துவிடும். டெபியனில் அந்த வேலையை ரிப்போர்ட்பக் செய்கிறது. கேடிஇயில் ஒரு செயலி கவிழ்ந்ததும் டாக்டர் கொங்கி தானே எட்டிப்பார்த்து விசாரிக்கும். ஒரு எச்சரிக்கை அவசியம். கவிழ்ந்த செயலியின் நினைவகப் பதிவில் கடவுச்சொல்லோ, எழுதிக்கொண்டிருந்த கடிதமோ கிடக்கலாம். கவிழ்வு அறிக்கைகளை லாஞ்ச்பேட் முதலில் மறைத்தே வைப்பது இதனால்தான். லாக் கோப்பைப் பயனாளரே கையால் ஒட்டும்போது ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

நேற்றுவரை வேலை செய்தது, அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்றால் அது தனி வகை, குழுக்கள் உடனே கவனிக்கிற வகையும்கூட. கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். பழையதில் வைஃபை வேலை செய்து புதியதில் செய்யாவிட்டால், இரு பதிப்பு எண்களையும் எழுதினாலே தேடும் எல்லை சுருங்கிவிடும். மேற்கொண்டு போக விரும்புபவருக்கு, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் பைசெக்ட் இருக்கிறது. இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் முறை அது. ஆயிரம் மாற்றங்களில் குற்றமுள்ள ஒன்றைப் பிடிக்கச் சுமார் 10 சோதனை போதும்.

பதிவான பிறகு அறிக்கை பல நிலைகளைக் கடக்கும். லாஞ்ச்பேடில் புதிதாக வந்தது, இன்னொருவர் தனக்கும் இதே சிக்கல் என்று குறித்ததும் உறுதியானதாக மாறும். விவரம் போதாது என்றால் ‘முழுமையற்றது’ என்ற நிலைக்குத் தள்ளுவார்கள். அதன்பின் 60 நாட்கள் யாரும் எதுவும் எழுதாவிட்டால் பதிவு காலாவதியாகும். பல நல்ல அறிக்கைகள் இப்படித்தான் வீணாகின்றன. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதே காரணம். டெபியனில் கடுமைக்கு ஏழு படிகள் உண்டு. மேல் மூன்று படிகளில் இருக்கும் வழுக்கள், அவை உள்ள பேக்கேஜை அடுத்த வெளியீட்டிலிருந்தே நீக்கவைக்கும் வலுவுள்ளவை.

திருத்தம் எழுதிவிட்டாலும் அது நேரே எல்லோருக்கும் போய்விடுவதில்லை. உபுண்டுவின் நிலையான வெளியீட்டுக்கான திருத்தம் முதலில் ‘ப்ரொபோஸ்ட்’ என்ற தனிக் களஞ்சியத்தில் வைக்கப்படும். சரிபார்க்க வேண்டும் என்ற குறியும் பதிவில் சேர்க்கப்படும். அறிக்கை எழுதியவரோ, அதே பழுது உள்ள இன்னொருவரோ அந்தப் பேக்கேஜை நிறுவி, முன்பு எழுதிய அதே படிகளை மறுபடி செய்து, பழுது தீர்ந்ததா, புதிதாக வேறு எதுவும் கெட்டதா என்று எழுத வேண்டும். தீர்ந்தது என்றால் குறி மாற்றப்படும். குறைந்தது 7 நாட்கள் அங்கே இருந்த பிறகு, வேறு புகார் எழாவிட்டால், பேக்கேஜ் வழக்கமான அப்டேட்டாக எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பப்படுகிறது.