ஒரு கயிறும் மாடிப்படியும் போதும்: பிள்ளைகளுக்கு மலையேற்றப் பாடம்

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,848.86 மீட்டர். நம் பிள்ளைகள் இதை ஒரு நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் அது எவ்வளவு உயரம் என்பது கையால் அளந்து, காலால் நடந்து பார்த்தால்தான் விளங்கும். பள்ளியிலும் வீட்டிலும் செலவில்லாமல் செய்யக்கூடிய நான்கு பயிற்சிகள் இதோ.

படி எண்ணுதல்: மாடிப்படி ஒன்றின் உயரத்தை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். 15 செ.மீ. இருந்தால், கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிக்கு ஏறக்குறைய 59,000 படிகள். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதையும் சொல்லுங்கள்.

பை கட்டுதல்: தண்ணீர், ரொட்டி, ஸ்வெட்டர், டார்ச், மருந்து, பொம்மை என்று பத்துப் பொருட்களை வையுங்கள். ஆறு மட்டுமே எடுக்கலாம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி குளிர் கூடும் என்று சொல்லிவிட்டு, எதை விடுவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

கயிற்று நடை: நான்கு பேர் ஒரே கயிற்றைக் கையில் பிடித்து, நாற்காலிகளைச் சுற்றி நடக்க வேண்டும். கயிறு தரையில் படக்கூடாது. யாரையும் இழுக்கவும் கூடாது. மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருக்கும் வேகம். 1953-இல் பனிப்பிளவில் விழுந்த ஹில்லாரியை, கயிற்றின் மறுமுனையில் இருந்த டென்சிங் தாங்கிப் பிடித்தார். அதே ஆண்டு மே 29 அன்று இருவரும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள்.

திரும்பி வருதல்: மைதானத்தின் மறுகோடியை ‘சிகரம்’ என்று வையுங்கள். மணி அடித்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். எல்லோரும் ஒன்றாகத் திரும்பிய குழுவுக்கே கைதட்டல். டென்சிங்கும் ஹில்லாரியும் உச்சியை அடைவதற்கு மூன்று நாள் முன்பு, அதே பயணக் குழுவின் போர்டிலனும் எவன்ஸும் உச்சிக்கு நூறு மீட்டர் அளவே மீதியிருந்தபோது திரும்பினார்கள். ஆக்சிஜன் கருவியில் கோளாறு, நேரமும் போய்விட்டது. அதனால் உயிரோடு கீழே வந்தார்கள். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே மனம் உடைந்துபோகும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் அவசியம்.

கவனிக்க: கயிற்றைக் கழுத்திலோ இடுப்பிலோ கட்ட விடாதீர்கள். மரம், சுவர், பாறை எதிலும் பிள்ளைகள் தாமாக ஏறக்கூடாது. வாப்பாவோ உம்மாவோ ஆசிரியரோ பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இது ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமான விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். தெலங்கானாவின் விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண் மாலாவத் பூர்ணா, அரசு உறைவிடப் பள்ளியில் படித்தவர். போன்கிர் பாறையில் பயிற்சியைத் தொடங்கியவர், 2014 மே 25 அன்று, 13 வயதில், எவரெஸ்ட் உச்சியில் நின்றார். உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளையும் இந்தப் பயிற்சிகளில் சேருங்கள். வரும் விடுமுறை நாளில் மாடிப்படியிலிருந்தே தொடங்கலாம்.