உங்களுக்குத் தெரியுமா? சிவனொளிபாதமலை

ஒரே சுவடு, பல பெயர். மஸ்கெலியாத் தோட்டங்களில் கொழுந்தெடுப்பவர்கள் நிமிர்ந்தால் தெரியும் இந்த 2,243 மீட்டர் மலையின் உச்சிப் பாறையில், ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளச் சுவடு ஒன்று உண்டு. நமக்கு அது சிவன் பாதம். பௌத்தருக்குப் புத்தர் பாதம். முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் கால் வைத்த இடம். கிறிஸ்தவர் சிலருக்குப் புனித தோமையாரின் அடி.

மொரோக்கோ பயணி இப்னு பதூதா 1344இல் இங்கே ஏறினார். அவரை அனுப்பி வைத்தது யார் தெரியுமா? யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி! முத்துகளைக் காட்டி, “என்ன வேண்டும், கேளும்” என்ற மன்னரிடம், ஆதம் பாதத்தைத் தரிசிக்க வேண்டும், அது போதும் என்றாராம். பல்லக்கு வந்தது. ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய 4 யோகிகள், 3 பிராமணர்கள், 10 துணைவர்கள், உணவுச் சுமை தூக்க 15 பேர் கூடவே போனார்கள். ஒரு சைவ மன்னர் ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்குச் செய்த இந்த உபசாரத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

மலையேறுவோருக்கு வழியில் சோறு கிடைக்க ஊர்களையே மானியமாக விட்டவன் முதலாம் விஜயபாகு. 11ஆம் நூற்றாண்டில் முடிசூடிய அந்த மன்னன் இம்மலைக்குச் செய்த திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு, கினிகத்தேனைக்கு அருகே அம்பகமுவையில் இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் மலையின் பொறுப்பைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான். 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதை மீண்டும் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்தான்.

அயர்லாந்திலும் இப்படியொரு மலை உண்டு: 764 மீட்டர் உயர க்ரோ பேட்ரிக். ஜூலை கடைசி ஞாயிறன்று கூரிய கற்கள் மீது வெறுங்காலோடு ஏறுவோரும் உண்டு. புனித பேட்ரிக் 40 நாள் நோன்பிருந்த இடம் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அதற்கும் முன்பே கெல்டிக் மக்கள் அறுவடைத் திருநாளில் கூடிய மலை என்று கருதப்படுகிறது.

சிவனொளிபாதமலையில் டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைப் பருவம். நல்லதண்ணியிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட படிகள். உச்சியில் மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை ஏறினீர்களோ, அத்தனை முறை அடிப்பது வழக்கம். சூரியன் எழும்போது மறுபக்கம் திரும்பிப் பாருங்கள்: மலையின் நிழல் முக்கோணமாய் விழுந்திருக்கும்.

நல்லதண்ணிக்குப் போகும் வழியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வரும். பழைய மஸ்கெலியா நகரம் 1969இல் அதற்குள் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும். மலைக்குப் போகிற வேகத்தில் அதைக் கடந்துவிடாதீர்கள். இறங்கி நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள்.